பார்க்காமல் எழுதிய வீடு

கோர்ட் கண்காணிப்பில் விட்டிருந்த பையனின் வீட்டுக்கு நன்னடத்தை அலுவலர் ஒருநாளும் போனதில்லை. பதினோரு மாதமாக மேசையிலிருந்தே, போய்வந்ததாக மாதம் ஓர் அறிக்கை எழுதினார். அதில் வந்த பச்சைக் கதவு, கூண்டுக்கிளி எல்லாம் அவருடைய கைச்சரக்கு.

இன்று மதியம் அந்தத் தெருவில் வேறு வேலை. மனசு உறுத்தவே, கதவைத் தட்டினார். கதவு பச்சையாக இருந்தது.

"வாங்க சார், மாசம் தவறாம வந்துடுறீங்க. போன தடவ குடைய மறந்துட்டீங்களே," என்றாள் பையனின் அம்மா. அவள் எடுத்து நீட்டியது அவருடைய குடைதான். கூண்டிலிருந்த கிளி தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்தது.

"பையன் எங்கம்மா?"

"குளிக்கிறான் சார். உக்காருங்க."

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அலுப்பில் காலையிலேயே எழுதி அனுப்பிய பன்னிரண்டாவது அறிக்கை அப்போதுதான் நினைவுக்கு வந்தது: 'வீடு பூட்டிக் கிடக்கிறது. யாரும் இல்லை.'

அதை நிறுத்தச் சொல்லி ஆபீசுக்குப் போன் செய்யத் தெருவுக்கு ஓடிவந்து திரும்பிப் பார்த்தார். பச்சைக் கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. உள்ளே தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.