ரெண்டு பழ நேரம்

"மறுபடியும் போனா? அக்கா, கையில எலுமிச்சம்பழத்தைப் பிடிங்க!"

நந்தினி போட்ட சத்தத்தில், சந்திரம்மாள் முந்தானைக்குள் ஒளித்திருந்த போன் நழுவி மடியில் விழுந்தது.

பௌர்ணமி. மணி இரண்டு. வெயில் தாழ்ந்தால் அடி அண்ணாமலையில் கால் வைக்க இடம் இருக்காது. கிரிவலம் வருகிறவர்களுக்குத் தெருப் பெண்கள் சேர்ந்து ஜூஸ் கொடுப்பார்கள். பொறுப்பு நந்தினியுடையது. முந்நூறு பழம் பிழிந்தாக வேண்டும்.

"ஒரே நிமிஷம் நந்தினி. இந்த சைட்டு ஆறு பழம் பிழியற நேரம் சுத்திக்கிட்டே இருக்கு. இன்னொண்ணு ரெண்டே பழத்துல காட்டிடுது. மூணாவதா ஒண்ணு இப்பதான் போட்டிருக்கேன்."

"அப்படி என்ன சைட்டு?"

"பிட்காயின் யார்கிட்டருந்து யாருக்குப் போச்சுன்னு தேடற சைட்டு. நம்ம கணக்கு நம்பரைப் போட்டா, வந்திருக்கா இல்லையான்னு சொல்லும்."

பழம் அறுத்துக்கொண்டிருந்த தமிழ்செல்வி சிரித்துவிட்டாள். "வயல்ல வெளைஞ்ச மல்லாட்டை வித்த காசெல்லாம் அதுலதான் போவுதா? உங்க புள்ள மாறன்தான் வெளிநாட்டுல சம்பாதிக்கிறானே, இன்னும் எதுக்குக்கா ஆசை?"

சந்திரம்மாள் நந்தினியைத்தான் பார்த்தாள்.

"கூட்டத்துல என் போனுக்கு டவரே நிக்க மாட்டேங்குது. எது சீக்கிரம் காட்டும்னு தெரிஞ்சா அதையே பார்ப்பேன். உன் போன்லருந்து கொஞ்சம் நெட் குடேன். போன பௌர்ணமிக்கு வரலை. இன்னைக்காவது வரணும்."

"வரலைன்னா குடி முழுகிடுமா?"

"முழுகிடும்."

நந்தினிக்குச் சுர்ரென்று ஏறியது. ஜனங்கள் செருப்பில்லாமல் மலையைச் சுற்றி வருகிறார்கள், இங்கே என்னடாவென்றால் சூதாட்டம்! கழுத்தில் கிடப்பது வெறும் மஞ்சள் கயிறு. அதற்கு பிட்காயின் ஒரு கேடு.

போனைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். "முதல்ல பழம் முடியட்டும். அப்புறம் லட்சாதிபதி ஆகலாம்."

சந்திரம்மாள் சண்டை போடவில்லை. பிழிந்தாள். கொட்டையோடு பிழிந்தாள். பிழிந்த தோலையே எடுத்து மறுபடி பிழிந்தாள். ஒரு முழுப் பழத்தைச் சர்க்கரை டப்பாவில் போட்டுவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்கு ஒரு தடவை கேட்டாள்.

"ரெண்டு பழ நேரம்தாம்மா. பார்த்துட்டு உன்கிட்டயே குடுத்துடறேன்."

"இன்னும் நூறு பழம் இருக்குக்கா."

அதோடு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கடைசிப் பழம் முடிந்தபோது மணி ஐந்து. சொன்ன சொல் தவறாதவள் நந்தினி. போனை எடுத்து, தன் போனிலிருந்து நெட்டும் கொடுத்தாள். அந்த ரெண்டு பழ சைட் சட்டென்று திறந்துகொண்டது.

"வந்திருக்கு, வந்திருக்கு! மூணேகாலுக்கே வந்திருக்கு." நந்தினி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். "சைபர், சைபர், சைபர்... கடைசியில ஏதோ ஒரு நம்பர். பக்கத்துல அரை டாலராம். கடவுளே! அம்பது ரூபா கூடத் தேறாது. இதுக்காக்கா இந்தப் பாடு?"

தமிழ்செல்வி மறுபடி சிரித்தாள்.

சந்திரம்மாள் கையைக்கூடத் துடைக்கவில்லை. போனை வாங்கி இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். எலுமிச்சைச் சாறு எரிந்திருக்க வேண்டும், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"மாறன் வெளிநாட்டுல இருக்கான்னு ஊருக்குச் சொன்னதுதாம்மா. அவங்கப்பாகிட்ட சண்டை போட்டுட்டுப் போய் மூணு வருஷமாவுது. எங்க இருக்கான்னு தெரியாது. போன் நம்பரையும் மாத்திட்டான். முன்னாடி அவன் என் போன்ல போட்டுக் குடுத்த கணக்குக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி இது ஒண்ணு மட்டும் அனுப்புவான்" என்றாள். "எவ்வளவு வந்ததுன்னு நான் ஒருநாளும் பார்த்ததில்ல நந்தினி. எம்புள்ள உசுரோட இருக்கானான்னுதான் பார்ப்பேன்."