இடப்பக்கம்

தாடையை மெஷினின் தாங்கியில் வைத்துக்கொண்டார். நெற்றியைப் பட்டையில் அழுத்தினார்.

வலது கண்ணைத் துணி வைத்து ஒட்டியிருந்தார்கள். இடது கண்ணுக்கு முன்னால் பெரிய வெள்ளைச் சட்டியின் உள்பக்கம் மாதிரி ஒரு குழிவு. நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி.

விளக்கை அணைத்தார்கள்.

"நடுப் புள்ளியையே பாருங்கய்யா. கண்ண அங்க இங்க ஓட்டக் கூடாது. சுத்தி எங்கயாவது மினுக்குன்னு வெளிச்சம் தெரிஞ்சா இந்தப் பொத்தான அமுக்குங்க. அவ்வளவுதான்."

சொன்னது மெஷினை இயக்குகிற சின்னப் பெண். வயரில் தொங்கிய பொத்தானைக் கையில் கொடுத்தாள்.

அவ்வளவுதானாம்!

வாழ்நாளெல்லாம் டவுன் பஸ் ஓட்டிய கை. அந்தத் துளியூண்டு பொத்தானை ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

டெப்போவில் வருஷா வருஷம் நடக்கிற கண் பரிசோதனையில்தான் ஆரம்பித்தது. சுவரில் தொங்கிய அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டு, மார்தட்டாத குறையாக எழுந்தவரை டாக்டர் திரும்ப உட்கார வைத்தார். கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். இடது கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார். நேரே தெரிவது வேறு, ஓரத்தில் தெரிவது வேறு, அதையும் ஆஸ்பத்திரியில் பார்த்துவிடுங்கள் என்றார். அதில் குறை இருந்தால் இனி பஸ்ஸைத் தொட முடியாது.

தொடாமல் என்ன செய்வது? வேறு எந்த வேலையும் தெரியாதே.

மெஷின் ஓடத் தொடங்கியது.

டக். ஒரு வெளிச்சம். அமுக்கினார்.

டக். வெளிச்சம். அமுக்கினார்.

டக்.

வெளிச்சத்தைக் காணோம்.

அமுக்கினார்.

காதை நம்பிப் பிழைத்த மனுஷன். ரோட்டைக் கண் பார்க்கும். பக்கத்தில், பின்னால் நடப்பதையெல்லாம் கண்டக்டரின் விசில்தான் சொல்லும். ஒரு விசிலென்றால் நில். இரண்டு விசில், கூடவே ஒரு 'ரைட்', புறப்படு. கூட்ட நேரத்தில் படியில் யார் தொங்குகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? சத்தம் வந்தால் கால் தானாக அழுத்தும். இங்கே விரல் தானாக அழுத்தியது.

அட, இதற்கா இந்தப் பயம் பயந்தோம் என்றுகூடத் தோன்றியது.

மெஷின் நின்றது.

"ஐயா, நீங்க சத்தத்தக் கேட்டு அமுக்குறீங்க," என்றாள் அந்தப் பெண். "இது அப்பப்ப வெறும் சத்தம் மட்டும் போடும். வெளிச்சம் விடாது. அதுக்கும் அமுக்கியிருக்கீங்க. திரும்பப் போடுறேன். தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுபடி அதே இருட்டு. அதே மஞ்சள் புள்ளி.

டக். வலது ஓரம். அமுக்கினார்.

டக். மேலே. அமுக்கினார்.

டக்.

இல்லை.

டக்.

இல்லை.

வெறும் சத்தமாக இருக்கும். அவள்தான் சொன்னாளே.

டக். டக்.

இத்தனையுமா வெறும் சத்தம்?

எது வெறும் சத்தம், எது தன் கண்ணுக்கு எட்டாமல் போன வெளிச்சம்? யாரைக் கேட்பது? வலது ஓரத்தில் வருகிறது. மேலே வருகிறது, கீழே வருகிறது. இடப்பக்கம் மட்டும் இந்நேரம் வரைக்கும் ஒன்றுகூட வரவில்லை.

விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. ஒன்று விட்டு ஒன்று அமுக்கினால் போதாதா? பஸ் பிழைத்துப்போகும். இருட்டில் யார் பார்க்கிறார்கள்?

இடப்பக்கம்தான் படிக்கட்டு. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறுகிற பக்கம்.

போன வாரம் வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் பஸ்ஸை நகர்த்தினார். கண்டக்டர் இருதயராஜ் விசிலை விட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினான். "புள்ள நிக்கு அண்ணாச்சி! புள்ள நிக்கு!" பிரேக்கை மிதித்தார். எங்கிருந்தோ ஓடிவந்து குறுக்கே விழுந்த சனியன் என்று அந்தப் பிள்ளையை வாய்க்கு வந்தபடி ஏசினார்.

ஓடி வருது என்று இருதயராஜ் கத்தவில்லை. நிக்கு என்றுதான் கத்தினான்.

டக்.

விரலைத் தூக்கிக்கொண்டார்.

டக்.

தூக்கியே வைத்திருந்தார். தெரிந்ததற்கு மட்டும் அமுக்கினார். கண்ணில் நீர் கோத்தது. துடைக்கவும் முடியாது, தாடையை எடுக்கக் கூடாது. மெஷின் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

முடிந்ததும் அந்தப் பெண் ஒட்டியிருந்த துணியைப் பிரித்தாள். டாக்டர் சொல்லுவார் என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே நீளமான வராந்தா. துணைக்கு வந்த இருதயராஜ் கதவை ஒட்டிய பெஞ்சிலேயே இருப்பதாகச் சொல்லியிருந்தான். நேரே பார்த்தார். ஆளில்லை. டீ குடிக்கப் போயிருப்பான் பய. வாசலைப் பார்த்து நடந்தார்.

பாதி வராந்தா போயிருப்பார். தொண்டையைச் செருமுகிற சத்தம்.

தலையை இடப்பக்கம் முழுசாகத் திருப்பினார். முழங்கை உரசுகிற தூரத்தில் இருதயராஜ் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தான். கதவிலிருந்தே வந்திருக்கிறான்.

"எத்தன நாளால தெரியும் ஒனக்கு?"

இருதயராஜ் விலகாமல் அதே பக்கமாக நடந்தான்.

வாசல் வந்தது. கீழே படிகள். வெளியே வெயில், ஆட்டோக்கள், சனங்கள். முதல் படியில் கால் வைக்காமல் அவர் அப்படியே நின்றார்.

இருதயராஜ் இடப்பக்கம் ஒருமுறை நன்றாகப் பார்த்தான்.

"ரைட் அண்ணாச்சி," என்றான் மெதுவாக. "போலாம்."