சட்டைப்பையில் கோளாறு

சாவியைத் திருப்பினால் செல்ப் மட்டும் கிர்ர், கிர்ர் என்று இழுத்ததே தவிர, கார் கிளம்புகிற வழியாக இல்லை. பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் நவநீதனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"என்னதாம்ப்பா கோளாறு?" என்றார் தீர்த்தகிரி, ஏழாவது தடவையாக. புது வேட்டி சரசரக்கக் காருக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"பேட்டரி நல்லாருக்குங்க. செல்ப்பும் எடுக்குது. பிளக்குலதான் சந்தேகம்."

"நேத்து சர்வீஸ் பண்ணிட்டு, வண்டி பெங்களூரு வரைக்கும் பறக்கும்னியே? கேட்டைக்கூடத் தாண்டலயே!"

சர்வீஸ் முடிந்து காரைக் கொண்டுவந்து நிறுத்தியவனும் நவநீதன்தான். பெட்ரோல் பம்ப்பை ஓடவைக்கும் ரிலேயைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவனும் அவன்தான். மகள் சுகுணாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம் என்று தீர்த்தகிரி சொன்னபோது, "அந்த மாப்பிள்ளை நானா இருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ரிலேயைப் பிடுங்கத்தான் வந்தது.

"பேசாம ஒரு டாக்சி சொல்லிரலாங்க" என்றாள் பானுமதி, பூவும் பழமும் வைத்த தட்டோடு.

"மொதமொத சம்பந்தி வூட்டுக்கு வாடகை வண்டில போயி எறங்கறதா? பத்தரைக்கு ராகுகாலம், பன்னண்டுக்கு அஷ்டமி பொறந்துரும், நாளைக்கு ஆடி. இப்ப வுட்டா ஒரு மாசம் பேச்சே எடுக்க முடியாது!"

ஒரு மாதம்! அதற்குள் தைரியம் வந்துவிடும். வராவிட்டால் பிடுங்குவதற்குக் காரில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

ஜன்னலில் சுகுணா. பட்டுப்புடவையில் நின்று, தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினாள். கிளப்பிவிடாதே என்கிறாள், பாவம். கண்ணாலேயே அவளுக்கு ஆறுதல் சொன்னான். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பேன்ட் பையில் போன் அதிர்ந்தது. கையெல்லாம் கிரீஸ், எடுக்கவில்லை.

தீர்த்தகிரி கிட்டே வந்து குனிந்தார். "தம்பி, உங்கப்பா இன்னிக்கு கடத்தூர் வூட்லதான இருப்பாரு?"

"இருப்பாருங்க."

அப்பாவிடம் புகார் சொல்லப் போகிறார் போல. நவநீதன், பளபளத்துக்கொண்டிருந்த பிளக்கை மறுபடி துடைத்தான்.

பத்து இருபது. பத்து இருபத்தெட்டு. பத்தரை.

பானுமதி தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டாள். நவநீதன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பானெட்டை மூடினான்.

தீர்த்தகிரி அவன் தோளில் கைபோட்டார். "இனிமே மறைச்சு என்ன ஆகப்போவுது தம்பி?"

நவநீதனின் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது.

"உங்கப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரு, பொண்ணு வூட்டுக்காரங்க ஆடி முடிஞ்சுதான் வருவாங்கன்னு."