மீன் மாமாவுக்கு ஒரு கேமரா

"பதினஞ்சு மீட்டர் ஆழம் தாங்குமா? நல்லாப் பார்த்துச் சொல்லும்மா. இவர் அடித்தரை வரைக்கும் போயிடுவாரு" என்றாள் மனைவி. கேமராக் கடையின் விற்பனைப் பெண் அவரை மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு விஷயமா என்பதுபோலச் சிரித்து வைத்தார். பார்வை மட்டும் கடை வாசலுக்கு ஓடியது.

ஓடாமல் என்ன செய்யும்? மனுஷர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே கிடையாது. காப்பீட்டு முகவர், வாயால் பிழைப்பவர். எடை குறைய நீச்சல் பழகச் சொல்லி டாக்டர் விரட்டியதால், ஆறு மாதத்துக்கு முன்பு நீச்சல் குளத்தில் பெயரைப் பதிந்தார். முதல் நாள் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்ததுமே தலை சுற்றிவிட்டது. அப்படியே திரும்பிவந்து எதிரில் இருந்த நண்பரின் சலூனில் உட்கார்ந்தவர்தான்.

அன்றிலிருந்து காலை நேரம் முழுக்க சலூனில் பேப்பர் படிப்பது. கிளம்பும்போது நீச்சல் உடையையும் துண்டையும் அங்கே குழாயில் நனைத்துப் பிழிந்துகொள்வது. நண்பர் முடிவெட்டும்போது தண்ணீர் பீச்சும் பாட்டிலை எடுத்து இவர் தலையில் நாலு பீச்சு பீச்சி, "போய்ட்டு வாங்க, முதலாளி" என்று அனுப்பிவைப்பார்.

வீட்டுக்குப் போனதும் அளக்க ஆரம்பித்துவிடுவார். இன்றைக்கு அக்கரைக்கும் இக்கரைக்கும் எட்டுத் தடவை போய் வந்தேன், இன்றைக்கு மூச்சை அடக்கி அடியில் கிடந்த காசை எடுத்தேன் என்று ஒரே அமர்க்களம். மச்சான் பிள்ளைகள் அவரை 'மீன் மாமா' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

இப்போது அந்தப் பெருமைக்குத்தான் ஆபத்து. கேமரா வீட்டுக்கு வந்தால் தண்ணீருக்குள் எடுத்த படம் எங்கே என்று கேட்பாள். ஆறு மாதக் கதை கந்தலாகிவிட்டால் மச்சான் வீட்டுப் பக்கம் எந்த மூஞ்சியோடு போவது? எதையும் வாங்கவிடாமல் இவளை வெளியே இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

விற்பனைப் பெண் முதலில் காட்டியது சாதாரணச் சின்னக் கேமரா. தண்ணீரில் இறங்கும்போது மட்டும் அதற்குக் கெட்டியான கண்ணாடி உறை ஒன்றை மாட்ட வேண்டும். உறையோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, செங்கல் கனம் கனக்கிறது என்றார் அவர். அடுத்தது உறையே தேவைப்படாத ஆரஞ்சு நிறக் கேமரா. கலர் கண்ணைக் குத்துகிறது என்றார்.

"கேமராவை நாம பார்க்கப் போறோமா, படத்தைப் பார்க்கப் போறோமா?" என்றாள் மனைவி. பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பி, "இவர் கிடக்கார், நீ சொல்லும்மா" என்று தன் சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

குளத்தில் போடுகிற குளோரினில் ரப்பர் மூடி கெட்டுப்போகாதா? மூச்சு விடும்போது குமிழி கிளம்பி லென்ஸை மறைக்காதா? தண்ணீரில் ரொம்ப நேரம் இருந்தால் விரல் மரத்துவிடுமே, அப்போது பட்டனை அழுத்த வருமா? கேமராவின் கைவாரைத் தன் மணிக்கட்டில் மாட்டி இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்தாள். நம் கதையைக் கேட்டுக் கேட்டு இவளும் தேறிவிட்டாளே என்று அந்த நெருக்கடியிலும் அவருக்குக் கொஞ்சம் குஷியாகத்தான் இருந்தது.

ஆரஞ்சுக் கேமராவைக் குளத்திலிருந்து எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும், ஒன்றும் ஆகாது என்றாள் விற்பனைப் பெண். வீட்டில் பிள்ளைகளை எடுக்கவும், வெளியூர் போனால் எடுக்கவும் இதுவே போதுமாம். தனியாக இன்னொன்று வேண்டாமாம். கடையில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் கேமராவை இறக்கி, சாரையே ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள்.

சார் கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்தார். சூடான பாலைத் தொடுவதுபோல இரண்டு விரலை விட்டுவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார். மனைவிதான் முழங்கைவரை கையை விட்டு ஒரு படத்தை எடுத்துக் கேமராவை வெளியே தூக்கினாள்.

"இதையே போட்டுடும்மா" என்றாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, நானும் குளத்துக்கு வர்றேன். இவர் காசு எடுக்கிறதை அப்படியே படம் பிடிச்சு என் தம்பி பிள்ளைங்களுக்கு அனுப்பணும்."

அவர் அவசரமாகக் குறுக்கிட்டார். குளத்துக் காவலாளி கேமராவை உள்ளேயே விடமாட்டான் என்று ஒரு போடு போட்டார். விற்பனைப் பெண்ணோ உதவுகிற நினைப்பில், அதெல்லாம் விடுவார்கள் சார், போன வாரம்கூட ஒருவர் அங்கே எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டினாரே என்றாள். ரசீது இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

இனி ஒரே வழிதான். அவர் குரலைத் தாழ்த்தி, முகத்தில் எக்கச்சக்கமான வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார். பாலிசி பற்றிப் பேசும்போது அவருக்குக் கைகொடுக்கிற முகம் அது.

"உன்னைக் கூட்டிட்டுப் போக எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா அந்தக் குளத்துல பொம்பளைங்களை உள்ளயே விடமாட்டாங்க. சட்டமே அப்படி."

மனைவி கைவாரை மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டு அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்போ நாலு மாசமா நான் எந்தக் குளத்துலங்க நீந்துறேன்?"