ஜன்னல் மூடி

விமானம் சென்னையைத் தாண்டிக் கடலுக்கு மேல் வந்ததும் அமலோற்பவம் ஜன்னல் மூடியைக் கீழே இழுத்துவிட்டாள். இழுத்த கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது தானாகத் திறந்துகொள்ளும் என்று தோன்றியது. மீன்பிடிக்கப் போன கணவன் சூசையைப் புயலில் வாரிக்கொண்ட கடல், உடலைக்கூடத் திருப்பித் தரவில்லை. அதன்பிறகு அவள் கடலைப் பார்ப்பதே இல்லை. கரையை விட்டு ஊருக்குள் குடிபோய்விட்டாள். அந்தமானில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்க வேறு ஆள் இருந்திருந்தால் விமானம் ஏறியிருக்க மாட்டாள்.

விமானம் ஒருமுறை தூக்கிப் போட்டது.

"பயப்படாதீங்க, மேகந்தான்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். மூடியை அழுத்திய அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

பணிப்பெண் வந்து குனிந்தாள். "அம்மா, இறங்கப் போறோம். ஜன்னலைத் திறக்கணும்."

"வேண்டாம் தாயி. தெறந்தா அது என்னயப் பாத்துரும்."

பணிப்பெண் அவள் பக்கமாக இன்னும் சாய்ந்தாள். பிறகு, "ரெண்டு பேருமாத் திறப்போம்" என்று அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து மெல்ல உயர்த்தினாள்.

கீழே கடல் கருநீலமாக விரிந்து கிடந்தது. கண்ணை மூடப் போனவள் மூடவில்லை. வெகு கீழே ஒரே ஒரு படகு, மழை கறுத்து நின்ற திசையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அமலோற்பவம் இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஏலேய், அங்க போகாதல! திரும்புல!"