ஒரு வாய்த் தண்ணீர்

“பிளாஸ்டிக் பாட்டில் தண்ணி எனக்கு ஒத்துக்காதுத்தா. வாடை அடிக்கும்” என்றாள் சின்னத்தாய், மகள் நீட்டிய பச்சை பாட்டிலைக் கையில் வாங்காமலே.

ஜெயக்கொடி நீட்டிய கையோடு நின்றாள். மழை பொய்த்துப்போன எண்பத்து மூன்றாம் வருடச் சித்திரை வெயில். பரவையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒத்தக்கடை வந்திருக்கிறாள் அம்மா. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“என்ன வாடை? மோந்து பாரு. காய்ச்சி ஆறவச்சு ஊத்துனது.”

“காய்ச்சுன தண்ணிய அதுல ஊத்துனா பிளாஸ்டிக்கு தண்ணியில இறங்குமாம்ல. நீயும் குடிக்காத. வயித்துல புள்ளைய வச்சிருக்க.”

“யாரும்மா சொன்னா? குழாயடியில போய்ப் பாரு. வரிசையா பிளாஸ்டிக் குடம்தான் நிக்கிது. அம்புட்டுப் பேரும் செத்தா போயிட்டாக?”

“குடத்துல பிடிச்சுட்டு வாரது வேற. அதுலயே கிடந்து ஊறுறது வேறத்தா.”

ஜெயக்கொடி பாட்டிலைக் கீழே வைத்தாள். இது இன்று தொடங்கிய பேச்சு இல்லை.

வேறு சாதிக்காரனான மருதுவைக் கட்டிக்கொண்டு அவள் இந்த வாடகை வீட்டுக்கு வந்தபோது, அப்பா மொக்கையன் தலை முழுகிவிட்டார். அண்ணன் தெருவில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்தது அம்மா மட்டும்தான். “டவுனுக்கு ஒரு சோலியா வந்தேன், அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு” என்று சொல்லிக்கொண்டே படியேறுவாள். தலைவாரி விடுவாள். வயிற்றைத் தடவிப் பார்ப்பாள். போய்விடுவாள். சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொல்வாள். ஒரு நாளும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கேட்டால் பிளாஸ்டிக்கைக் குறை சொல்வாள்.

“சரி, பாட்டில் வேணாம். உனக்குன்னே அவரு மண்பானை வாங்கியாந்து வச்சிருக்காரு” என்று ஜெயக்கொடி உள்ளே போனாள். எவர்சில்வர் டம்ளர் நிறைய மொண்டு வந்து நீட்டினாள். டம்ளரின் வெளிப்புறம் குளிர்ச்சியில் வியர்த்திருந்தது.

சின்னத்தாயின் கண்கள் அதிலேயே நின்றன. நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள். கை டம்ளர் வரைக்கும் வந்தது. பிறகு விரல்களை மடக்கிக்கொண்டு மடிக்கே திரும்பியது.

“வேணாம்த்தா. இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல சோடா குடிச்சேன்.”

ஜெயக்கொடிக்குப் புரிந்துவிட்டது.

“நாக்கு வறண்டு செத்தாலும் இந்த வீட்டுத் தண்ணி உன் தொண்டையில இறங்காது. அப்படித்தான?”

“என்னத்தா பேசுற?”

“இது பிளாஸ்டிக் வாடை இல்லம்மா. சாதி வாடை. அப்பா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. நீ பாட்டில் மேல பழியப் போடுற.”

“அந்த நெனப்பெல்லாம் எனக்கு இல்லத்தா. சத்தியமா இல்ல.”

“அப்ப ஒரு வாய் குடி. என் கண்ணு முன்னால குடி.”

சின்னத்தாய் மகளின் முகத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். நீட்டிய டம்ளரை மெல்லத் தள்ளிவிட்டாள்.

“முடியலைல்ல? நாளைக்கு என் புள்ள குடுத்தாலும் இப்படித்தான தள்ளிவிடுவ? இனிமே வராத. எங்க வீட்டுத் தண்ணிய எப்பக் குடிக்கத் தோணுதோ, அப்ப வா.”

சின்னத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிப் பார்த்தாள். கால் வீங்கியிருந்ததால் நுழையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“வெயில்ல அலையாத. நல்லாத் தண்ணி குடி” என்று சொல்லிவிட்டு, சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து போனாள். ஜெயக்கொடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

“பெரிய மனுஷிய இப்படி அனுப்பலாமா? நான் வேணும்னா பரவைக்குப் போய்க் கூட்டிட்டு வாரேன்” என்றான் மருது, வேலை முடிந்து வந்ததும்.

“வேணாம். கோவம் தணிஞ்சா அவுகளே வருவாக.”

அம்மா வரவில்லை. ஆடியில் அம்மா செத்துப்போன துஷ்டிச் செய்திதான் வந்தது.

பரவையில் பந்தலுக்கு வெளியே வந்து ஜெயக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டது அண்ணன் மனைவி தங்கப்பொண்ணு மட்டும்தான். அவள் தோளில் சாய்ந்து ஜெயக்கொடி கதறினாள்.

“வராதன்னு சொல்லிட்டேன் மதினி! எல்லாரையும் மாதிரி அவுகளும் சாதி பாக்குறாகளேன்னு ஆத்திரம். ஒரு வாய்த் தண்ணி குடிச்சிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனா?”

தங்கப்பொண்ணு அவளை விலக்கி, முகத்தைப் பார்த்தாள்.

“இந்த வீட்டுலயும்தான் அத்தை தண்ணி குடிக்கல ஜெயக்கொடி.”

“என்ன மதினி சொல்றீக?”

“உன்னைப் பாக்க வந்ததெல்லாம் பெரியாஸ்பத்திரிக்கு வந்த நாளு. கிட்னி ரெண்டும் போச்சு, மாத்திரை முழுங்குற தண்ணிக்கு மேல ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. புள்ளத்தாச்சி பயந்துரும், அவ நல்லபடியா பெத்து எந்திரிக்கட்டும், அப்புறம் நானே சொல்லிக்கிறேன்னு எங்க அம்புட்டுப் பேரு வாயையும் அத்தைதான் கட்டி வச்சிருந்தாக.”