வெட்டு கையில் தெரியணும்

"காத்துல விசிறியை வீசுற மாதிரி கீது மாமு. வேற போடு."

வெற்றி கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டான்.

கடைக்காரர் அருள்பிரகாசம் பெருமூச்சு விட்டபடி மறுபடியும் எழுந்துபோய் அலமாரியைத் துழாவினார். திருவொற்றியூர் தேரடி பக்கத்தில் பழைய கேம் சிடி விற்கிற கடை அது. வாங்குவதற்கு முன்னால் ஆடிப் பார்க்க விடுவார். அதற்காகவே சிவந்தி காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, புருஷன் வெற்றியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

வெற்றி கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கத்தியும் வேண்டும், மந்திரமும் வேண்டும். கத்தியால் வெட்டினால் வெட்டு கையில் தெரியணும். மந்திரத்தை விட்டால் எந்தப் பக்கம் போய் விழுந்தது என்று காதில் கேட்கணும். அவ்வளவுதான்.

முதலில் போட்டதில் கத்தி பஞ்சு மாதிரி இருந்தது. அடுத்ததில் கத்தி பரவாயில்லை, ஆனால் மந்திரம் பல்லியாட்டம் 'உச்' கொட்டியது. இப்போது இது, விசிறி.

"மொதல்ல அந்தக் கூலிங் கிளாஸைக் கழட்டு நைனா. கடைக்குள்ள இன்னா வெயிலா அடிக்குது? இந்தக் கேமோட படத்துக்குன்னே ஜனங்க அலையுது, நீ செவுத்தைப் பார்த்துகினு ஆடினா எப்டி வெளங்கும்?" என்றார் அருள்பிரகாசம்.

சிவந்தி அவன் நாற்காலியை டிவி பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டாள்.

உள்ளே வரும்போதே அவள் கை அவன் முழங்கையைக் கோத்திருந்தது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களா என்று கடைக்காரர் கண்ணடித்துக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. வேறு எதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று வீட்டிலேயே அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

"அய்யோ பாவம்னு எவனும் எனக்கு ஒரு கேமை எடுத்துக் குடுக்கக் கூடாது. ஆமா."

ஆடி மாசத்துக்குப் பிறகு அவனாக வாயைத் திறந்து கேட்டது இது ஒன்றைத்தான். மற்றபடி சுவரோரம் ஒரு பாய். தட்டை வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் பசி என்று சொல்லமாட்டான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போதும், தோஸ்துகளைச் சேர்த்துக்கொண்டு கத்தி, சூலம், மந்திரம் என்று ஆடி வீட்டையே இரண்டாக்குவான். அவள் விளக்குமாற்றை எடுத்தால்தான் கூட்டம் கலையும்.

இங்கேயும் ஒன்றும் அமையாமல் போனால் திரும்பிப் போய் அந்தப் பாயில் விழுவான். விழுந்தால் இனி எழுப்ப முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அடுத்த சிடி ஓடியது.

சிவந்தி அவன் காதோரம் குனிந்து குசுகுசுத்தாள்.

"ஆவட்டும், ஆவட்டும். கொஞ்சலை வூட்டாண்ட வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு அருள்பிரகாசம் எதிர்க்கடையில் டீ வாங்கப் போனார்.

"இடது கைப்பக்கம் ஒருத்தன் நிக்கிறான்யா," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "பின்னாடி பெருசா ஒண்ணு வருது. இப்போ, இப்போ வெட்டு."

வெட்டினான். கன்ட்ரோலர் ஒரு உலுக்கு உலுக்கியது. மறுபடியும் வெட்டினான். இந்தத் தடவை அது வேறு மாதிரி அதிர்ந்தது.

"மொதல்ல பட்டது இரும்புல. இது உடம்புல. சரியா?"

"சரிதான்யா."

மந்திரத்துக்கான பட்டனை அழுத்திப் பிடித்தான். பிடிக்கப் பிடிக்க உள்ளங்கைக்குள் ஏதோ உறுமிக்கொண்டே ஏறியது. விட்டான். கடையே இரைந்தது.

"செத்தானா?"

"எழுந்துக்கவே இல்ல."

வெற்றியின் உதடு மெல்ல விரிந்தது. அந்தப் பல்வரிசையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று சிவந்தி எண்ணிப் பார்த்தாள்.

"மந்திரம் இன்னா கலருல வருது?" என்று கேட்டான்.

அவள் டிவியைப் பார்த்தாள். மஞ்சளும் சிவப்புமாக ஒரு வாசலை அடைத்துக்கொண்டு முகத்துக்கு நேராகப் பாய்ந்து வந்தது. வெற்றி கப்பல் ரிப்பேரில் தீயால் இரும்பை அறுக்கிற கேஸ் கட்டிங் வேலை செய்துகொண்டிருந்தவன். ஆடி மாசம் கப்பல் தொட்டிக்குள் பெயிண்ட் தின்னர் ஆவி பற்றிக்கொண்ட அன்று, அவன் கண் கடைசியாகப் பார்த்தது அந்தக் கலரைத்தான்.

"பச்சை," என்றாள்.

"பச்சையா?"

டீ கிளாஸ்களோடு வாசலில் வந்து நின்ற அருள்பிரகாசம் டிவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அந்தக் கூலிங் கிளாஸைப் பார்த்தார். டீ தளும்பி அவர் விரலில் வழிந்தது. கையை உதறக்கூட இல்லை.

"சும்மா பச்சையா மாமு? கிளிப்பச்சை!" என்றார்.

வெற்றி வாய்விட்டுச் சிரித்தான்.

"நல்லாத்தான் புளுகுறீங்க ரெண்டு பேரும். தீ இரையுற சத்தம் எனக்குத் தெரியாதா? அதை வச்சுத்தானே சோறு தின்னுகினு இருந்தேன்."

டிவியில் நெருப்பு தானாகவே எரிந்துகொண்டிருந்தது.

"இதையே குடு மாமு. நல்லா வெட்டுது."

சிவந்தி அவனிடமிருந்து கன்ட்ரோலரை வாங்கி மேசைமேல் வைத்தாள். அது அடங்கிவிட்டிருந்தது. அவள் பிடித்திருந்த அவன் கைதான் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.